மண்ணில்லாத் தக்காளியின் கதையும் என் வாளிக் கணக்கும்

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் செடி வைக்கக் கூடாது. வாடகை வீடு. தொட்டி வைத்தால் ஓட்டை வழியாகத் தண்ணீர் வடியும், தளத்தில் ஈரம் இறங்கும் என்பது வீட்டுக்காரர் சட்டம். பால்கனி என்று ஒன்று கிடையாது. ஆனால் எனக்குத் தக்காளியும் மிளகாயும் வளர்த்துப் பார்த்தே ஆகவேண்டும் என்று ஒரு ஆசை. தாத்தா பாலக்கோட்டுப் பக்கம் தக்காளி போடுகிறவர். பேரன் பி.காம். படிக்கிறான், ஒரு செடியைக்கூட ஒழுங்காக வளர்த்ததில்லை என்றால் கொஞ்சம் அவமானம்தானே!

அதனால் வெள்ளையடித்தபோது மிச்சமான 20 லிட்டர் பெயிண்ட் வாளி இரண்டை எடுத்துக் கழுவி, மூடியில் ஓட்டை போட்டு, மண்ணே இல்லாமல் உரத் தண்ணீரில் வேர் தொங்கும்படி அறைக்குள்ளேயே ஒரு தக்காளிக் கன்றும் ஒரு மிளகாய்க் கன்றும் வைத்தேன். மேலே எல்.இ.டி. குழல் விளக்கு. உள்ளே மீன் தொட்டிக்குப் போடும் காற்று மோட்டார். இதற்குப் பெயர் ஹைட்ரோபோனிக்ஸ்.

செடி என்ன ஆனது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் இந்த முறையின் வரலாறு. தேடிப் படிக்க ஆரம்பித்தபோது இது தாவரவியல் சமாச்சாரம் என்றுதான் நினைத்தேன். படிக்கப் படிக்க, நாங்கள் வகுப்பில் படிக்கிற விளம்பரம், காப்புரிமை, வேலை ஒப்பந்தம், செலவுக் கணக்கு எல்லாம் இதற்குள் இருக்கின்றன!

செடி எதைச் சாப்பிடுகிறது?

கதை 17-ஆம் நூற்றாண்டில் ஆரம்பிக்கிறது. பிரஸ்ஸல்ஸ் நகரத்து யான் பாப்டிஸ்ட் வான் ஹெல்மான்ட் ஒரு தொட்டியில் 200 பவுண்டு காய்ந்த மண்ணைப் போட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்றை நட்டார். ஐந்து வருடம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். பிறகு பிடுங்கி எடை போட்டால் மரம் 169 பவுண்டுக்கும் கொஞ்சம் மேல். மண்ணைக் காயவைத்து நிறுத்தால் குறைந்தது சுமார் 2 அவுன்ஸ்தான்! ஆக, மரம் முழுக்கத் தண்ணீரால் ஆனது என்று முடிவு கட்டிவிட்டார். அவர் இறந்த பிறகு 1648-ல் இது அச்சில் வந்தது.

முடிவு தப்பு. காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்துத்தான் செடி உடம்பை வளர்க்கிறது என்பது அவருக்குத் தெரியாது. ஆனால் எடை போட்டுப் பார்க்கவேண்டும் என்று தோன்றியதே, அது பெரிய விஷயம். தணிக்கைக்காரர் புத்தி!

அவர் கண்டுகொள்ளாமல் விட்ட அந்த 2 அவுன்ஸில்தான் அடுத்த இருநூறு வருடக் கதை இருக்கிறது. 1699-ல் இங்கிலாந்தில் ஜான் உட்வர்ட் புதினாச் செடிகளை மழைத்தண்ணீர், தேம்ஸ் ஆற்றுத் தண்ணீர், தோட்ட மண் கலக்கிய தண்ணீர் என்று தனித்தனியாக வைத்து வளர்த்தார். சுத்தமான மழைத்தண்ணீரில் இருந்தது சவலையாக இருந்தது. மண் கலந்த தண்ணீரில் இருந்தது நன்றாக வளர்ந்தது. தண்ணீர் மட்டும் போதாது, மண்ணிலிருந்து ஏதோ ஒன்று வருகிறது என்று புரிந்தது.

அந்த 'ஏதோ ஒன்று' என்ன என்று பட்டியல் போட்டவர்கள் ஜெர்மானியர்கள். 1860-ஐ ஒட்டிய வருடங்களில் யூலியஸ் ஃபான் சாக்ஸ், வில்ஹெல்ம் க்னாப் இருவரும் மண்ணே இல்லாமல், உப்புகளைக் கரைத்த தண்ணீரிலேயே செடிகளை வளர்த்துக் காட்டினார்கள். கால்சியம் நைட்ரேட், பொட்டாசியம் நைட்ரேட், பொட்டாசியம் பாஸ்பேட், மெக்னீசியம் சல்பேட், துளி இரும்பு உப்பு. க்னாப்பின் கலவை இவ்வளவுதான். இந்தக் கால்சியம் நைட்ரேட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், என் வாளிக் கதையில் திரும்ப வரும்.

இதெல்லாம் ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் குடுவைக்குள் நடந்தவை. செடிக்கு எந்தத் தாது தேவை என்று கண்டுபிடிப்பதுதான் நோக்கம். இதில் பயிர் செய்து விற்கலாம் என்று அவர்கள் இறங்கவில்லை.

25 அடி தக்காளி

அதில் இறங்கியவர் வில்லியம் ஃப்ரெடரிக் கெரிக்கே. அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் தாவர உடலியல் ஆசிரியர். 1929-ல் இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அகலமான தொட்டியில் உரத் தண்ணீர், அதன் மேல் கம்பி வலை, வலையின் மேல் வைக்கோல், மரத்தூள் மாதிரி ஒரு படுகை, அதில் செடி. வேர் வலைக்குக் கீழே தண்ணீருக்குள் இறங்கும். குடுவைக்குள் இருந்ததைத் தோட்டமாக மாற்றியது இவர்தான்.

அவர் பிரபலமானது தக்காளியால். 25 அடி உயரத்துக்கு ஏறிய தக்காளிக் கொடிகள், ஏணி வைத்துப் பறிக்கும் படங்கள். பத்திரிகைகள் விடுமா? மண் இல்லாத விவசாயம், இனி வீட்டுக்கு வீடு காய்கறி என்று எழுதித் தள்ளின. முதலில் கெரிக்கே இதற்கு 'அக்வாகல்ச்சர்' என்று பெயர் வைத்திருந்தார். அந்தப் பெயரோ ஏற்கெனவே நீர்வாழ் உயிரினங்களை வளர்ப்பதற்குப் புழக்கத்தில் இருந்தது. அதே பல்கலைக்கழகத்தின் தாவரவியலாளர் செட்செல் சொன்ன பெயர்தான் 'ஹைட்ரோபோனிக்ஸ்'. 1937-ல் அச்சில் வந்தது. கிரேக்கத்தில் ஹைட்ரோ என்றால் தண்ணீர், போனோஸ் என்றால் உழைப்பு. தண்ணீர் பாடுபடுகிறது என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளலாம்.

இங்கேதான் சண்டை ஆரம்பிக்கிறது.

கலவை யாருக்குச் சொந்தம்?

பல்கலைக்கழகம் கெரிக்கேயிடம் உரக் கலவையின் விவரத்தைக் கேட்டது. அவர் தரமாட்டேன் என்றார். காரணம் என்ன தெரியுமா? ஆரம்பத்தில் இந்த வேலைக்கு அவர் பசுமைக்குடில் இடம் கேட்டபோது நிர்வாகம் நம்பாமல் மறுத்திருக்கிறது. அதனால் வீட்டில், என் சொந்த நேரத்தில் செய்த ஆராய்ச்சி இது, நீங்கள் எப்படிக் கேட்கலாம் என்பது அவர் வாதம். கலவையை இன்னும் சரிசெய்ய இடமும் நேரமும் கொடுங்கள் என்றும் கேட்டார்.

கடைசியில் இடம் கொடுத்தார்கள். ஆனால் கூடவே, அவர் சொல்வது உண்மையா என்று சோதித்துப் பார்க்க டென்னிஸ் ஹோக்லண்ட், டேனியல் ஆர்னான் என்ற இரண்டு பேரையும் நியமித்தார்கள். மனக்கசப்பு முற்றி கெரிக்கே 1937-ல் வேலையை விட்டுப் போனார்.

ஹோக்லண்டும் ஆர்னானும் 1938-ல் அறிக்கை வெளியிட்டார்கள். நல்ல மண், மணல், உரத் தண்ணீர் மூன்றிலும் தக்காளியைப் பக்கத்தில் பக்கத்தில் வளர்த்துப் பார்த்தால் விளைச்சலில் பெரிய வித்தியாசம் இல்லை. வெளிச்சமும் தட்பவெப்பமும் எவ்வளவோ, அவ்வளவுதான் விளைச்சல். பத்திரிகைகள் ஊதிய பலூனில் ஊசி! ஆனால் அதே அறிக்கையில் தங்கள் கலவையை அளவோடு அச்சடித்து, யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்று விட்டார்கள். 'ஹோக்லண்ட் கரைசல்' என்ற பெயரில் இன்றும் ஆய்வுக்கூடங்களில் அதைத்தான் கலக்குகிறார்கள். கெரிக்கேயும் 1940-ல் தன் புத்தகத்தில் தன் கலவையை வெளியிட்டார்.

இதைப் படித்த அன்று எனக்கு யார் பக்கம் என்று முடிவு செய்ய முடியவில்லை. சம்பளம் வாங்குகிறவன் வீட்டில் உட்கார்ந்து யோசித்தது யாருக்குச் சொந்தம்? வணிகச் சட்ட வகுப்பில் இதற்கு ஒரு வரியில் பதில் எழுதலாம், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அது. ஆனால் இடம் கேட்டபோது கதவைச் சாத்திவிட்டு, பெயர் வந்ததும் பங்கு கேட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? இன்னொரு பக்கம், ஒரு விஞ்ஞானி 'நன்றாக விளைகிறது, ஆனால் எதைப் போட்டேன் என்று சொல்லமாட்டேன்' என்றால் மற்றவர்கள் எப்படிச் சரிபார்ப்பது?

என் கருத்து இது. அவருக்குக் கோபப்பட உரிமை இருந்தது. ஆனால் உலகத்துக்கு உதவியது பூட்டிவைத்த கலவை அல்ல, அச்சடித்துக் கொடுத்த கலவை. என் பெயிண்ட் வாளி வரைக்கும் வந்து சேர்ந்தது அதுதான். அதே சமயம், கெரிக்கே ஏணி மேல் ஏறிக் காட்டியிருக்காவிட்டால் ஹோக்லண்ட் அந்த அறிக்கையை எழுதியிருப்பாரா என்பதும் சந்தேகமே. இந்தச் சண்டைக்கு நடுவே 1939-ல் ஆர்னானும் ஸ்டவுட்டும், மாலிப்டினம் என்ற உலோகம் மிகச் சிறிய அளவில் செடிக்குக் கட்டாயம் தேவை என்று நிரூபித்தார்கள். எந்தச் செடியை வைத்து? தண்ணீரில் வளர்த்த தக்காளியை வைத்துத்தான்!

மண் இல்லாத இடத்தில்

விளைச்சல் ஒன்றும் அதிகமில்லை என்றால் எதற்கு இந்த வம்பு? பதில் பசிஃபிக் கடலில் இருந்து வந்தது.

பான் அமெரிக்கன் விமான நிறுவனம் அப்போது சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து மணிலாவுக்குக் கடல் விமானம் ஓட்டிக்கொண்டிருந்தது. வழியில் இறங்கும் இடங்களில் ஒன்று வேக் தீவு. பவளப்பாறைத் திட்டு, பயிர் செய்ய மண் கிடையாது. காய்கறியை விமானத்திலோ கப்பலிலோ கொண்டுவர வேண்டும். 1938-ல் கெரிக்கேயின் மாணவர் ஒருவர் அங்கே தொட்டி கட்டித் தக்காளி, கீரை வகைகள் எல்லாம் வளர்த்தார். ஒரு கிலோ தக்காளியை ஆயிரக்கணக்கான மைல் தூக்கிவரும் செலவோடு ஒப்பிட்டால் உரத் தண்ணீர் மலிவு. கணக்கு சரியாக வந்தது.

இரண்டாம் உலகப் போர் சமயத்தில் இதே கணக்கை அமெரிக்க ராணுவம் போட்டது. தெற்கு அட்லாண்டிக்கில் எரிமலைப் பாறையாக இருக்கும் அசென்ஷன் தீவில் 1945-ல் சரளைக்கல் படுகையில் உரத் தண்ணீர் விட்டுக் காய்கறி பயிரிட்டார்கள். போர் முடிந்ததும் ஜப்பானில் டோக்கியோ பக்கத்துச் சோஃபுவில் பெரிய பண்ணை வைத்தார்கள். அங்கே மண் இல்லாமல் இல்லை. ஆனால் ஜப்பானிய வயல்களில் மனிதக் கழிவை உரமாகப் போடும் வழக்கம் இருந்ததால், பச்சையாகச் சாப்பிடும் காய்கறி வழியாகத் தங்கள் வீரர்களுக்கு நோய் வரும் என்று பயந்தார்கள்.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1946-ல் ஷால்டோ டக்ளஸ் என்ற ஆங்கிலேயர் டார்ஜிலிங் மாவட்டம் காலிம்போங்கில் சோதனைகளைத் தொடங்கினார். 1943 பஞ்சத்தைப் பார்த்த வங்காளம் அது. மோட்டார், காங்கிரீட் தொட்டி, விலை உயர்ந்த ரசாயனம் எல்லாம் சாதாரண மக்களுக்குக் கட்டுப்படியாகாது என்று, சரளையும் மணலும் கலந்த படுகையின் மேல் உரத்தூளைத் தூவிவிட்டுத் தண்ணீர் தெளிக்கும் எளிய முறையை உருவாக்கினார். அவர் எழுதிய புத்தகத்தின் பெயரே 'ஹைட்ரோபோனிக்ஸ்: வங்காள முறை'. மற்றவர்கள் எப்படி அதிகம் விளையவைப்பது என்று கேட்டபோது, எப்படிச் செலவைக் குறைப்பது என்று கேட்டவர். எனக்கு மிகவும் பிடித்தவர் இவர்தான்.

பிளாஸ்டிக், கல்பஞ்சு, தேனீ

போருக்குப் பிறகு வியாபாரமாகச் செய்ய முயன்ற பலருக்குக் கையைச் சுட்டது. காங்கிரீட் படுகை கட்டும் முதலீடே தாங்கவில்லை. நிலைமையை மாற்றியது பிளாஸ்டிக். இங்கிலாந்தின் லிட்டில்ஹாம்ப்டனில் ஆலன் கூப்பர், சரிவாக வைத்த பிளாஸ்டிக் வாய்க்காலில் மெல்லிய படலமாக உரத் தண்ணீர் ஓடவிடும் முறையை உருவாக்கினார். வேருக்குத் தண்ணீரும் கிடைக்கும், காற்றும் கிடைக்கும். கெரிக்கேயின் ஆழமான தொட்டிகளில் இருந்த பெரிய குறையே வேருக்கு ஆக்சிஜன் போதாததுதான். டென்மார்க்கில் பாறையை உருக்கிப் பஞ்சு மாதிரி நூற்ற கல்பஞ்சுக் கட்டிகள் 1969 முதல் செடி வளர்க்க வந்தன. நெதர்லாந்துக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டு தக்காளியும் குடைமிளகாயும் கண்ணாடிக் கூடங்களில் விளைவித்து ஐரோப்பா முழுக்க விற்றார்கள்.

தக்காளியும் மிளகாயும் தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொள்ளும் பூக்கள். ஆனாலும் யாராவது உலுக்கவேண்டும். வெளியில் காற்றும் தேனீயும் செய்யும் வேலை. கண்ணாடிக் கூடத்தில் ஆட்கள் அதிர்வுக் கருவியோடு பூப்பூவாகத் தொட்டுக்கொண்டிருந்தார்கள். 1980-களின் கடைசியில் பெல்ஜியத்தில் பம்பிள்பீ எனும் பெரிய வகைத் தேனீயைக் கூண்டோடு வளர்த்து விற்க ஆரம்பித்தபிறகுதான் அந்தக் கூலிச் செலவு ஒழிந்தது.

ருசி? 1990-களை ஒட்டி ஜெர்மானியர்கள் டச்சுத் தக்காளிக்கு 'தண்ணீர்க் குண்டு' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். விற்பனை அடி வாங்கியது. பிறகு ருசியான ரகங்களுக்கு மாறித்தான் நிமிர்ந்தார்கள். எடையை மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல பாடம்.

நான்கு சுவருக்குள்

இதுவரை சொன்னது எல்லாம் சூரியனை நம்பி நடந்தவை. விளக்கு வெளிச்சத்தில் செடி வளர்க்கும் முயற்சியும் பழசுதான். 1880-லேயே இங்கிலாந்தில் வில்லியம் சீமென்ஸ் மின்வில் விளக்கு வைத்துப் பார்த்தார். ஆனால் வீட்டுக்குள் கட்டுப்படியாகும் விளக்கு வர நூறு வருடத்துக்கு மேல் ஆனது. 1990-களில் பிரகாசமான நீல எல்.இ.டி. வந்தது. கண்டுபிடித்த மூவருக்கு 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது. சிவப்பையும் நீலத்தையும் வேண்டிய அளவில் கலந்து செடிக்குக் கொடுக்கலாம் என்றானதும் பெரிய முதலீட்டாளர்கள் இறங்கினார்கள். கிடங்குக்குள் அடுக்கடுக்காக விவசாயம்! மறுபடியும் 1937 மாதிரியே தலைப்புச் செய்திகள்.

முடிவும் கிட்டத்தட்ட அதேதான். அமெரிக்காவில் ஏரோஃபார்ம்ஸ் 2023 ஜூனில் திவால் மனு கொடுத்தது. கென்டக்கியில் பிரம்மாண்டமான கண்ணாடிக் கூடத்தில் தக்காளி போட்ட ஆப்ஹார்வெஸ்ட் அடுத்த மாதமே கொடுத்தது. பவுரி 2024-ல் மூடப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் காரணம் தனித்தனி. ஆப்ஹார்வெஸ்ட்டில் சூரிய வெளிச்சம் இருந்தது, கடனும் கூடவே இருந்தது. ஆனால் கிடங்கு விவசாயத்தில் பெரும்பாலும் கீரைதான் போட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். கீரைக்கு வெளிச்சம் குறைவாகப் போதும். தக்காளியும் மிளகாயும் பூத்துக் காய்த்துப் பழுக்கவேண்டும். அதற்கு வெளிச்சம் ஏராளமாக வேண்டும். கரண்ட் பில் யார் கட்டுவது?

விண்வெளி நிலையத்துக்கு மட்டும் இந்தக் கேள்வி வேறு மாதிரி. 2021-ல் நாசா அங்கே களிமண் உருண்டைகளில் மிளகாய் வளர்த்தது. மின்விசிறி வைத்துப் பூக்களை ஆட்டி, அக்டோபர், நவம்பரில் இரண்டு முறை பறித்தார்கள். ஒரு கிலோவை ராக்கெட்டில் ஏற்றும் செலவுக்கு முன்னால் எல்.இ.டி. கரண்ட் செலவு தூசு. வேக் தீவுக் கணக்கேதான், தீவு மட்டும் வேறு!

என் வாளிக் கணக்கு

இப்போது என் கதை. முதலில் காய்த்த நான்கு தக்காளியும் அடிப்பக்கம் கறுத்து அழுகின. உரக்கடையில் வாங்கிய 19:19:19 தூளைத்தான் கரைத்திருந்தேன். அதில் தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் உண்டு, கால்சியம் கிடையாது. க்னாப் நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் எழுதிய பட்டியலின் முதல் பெயரையே விட்டிருக்கிறேன்! கால்சியம் நைட்ரேட் வாங்கினேன். இரண்டையும் கெட்டியாகக் கரைத்து ஒரே பாட்டிலில் ஊற்றியதும் பால் மாதிரித் திரிந்து அடியில் படிந்தது. தனித்தனியாகக் கரைத்துத்தான் வாளியில் சேர்க்கவேண்டும் என்று அப்புறம் புரிந்தது. மிளகாய்ப் பூக்கள் கொட்டிக்கொண்டே இருந்தன. பழைய டூத் பிரஷ்ஷால் தினமும் காலையில் தட்டிவிட ஆரம்பித்தபின் பிடித்தன.

நான்கு மாதத்தில் 900 கிராம் தக்காளி, 41 மிளகாய். விளக்கு, மோட்டார், உரம், விதை, தேங்காய் நார் எல்லாம் சேர்த்து 1,270 ரூபாய். கரண்ட் 76 யூனிட், வீட்டுக்காரர் வாங்கும் 8 ரூபாய் கணக்கில் 608. மொத்தம் 1,878 ரூபாய். மிளகாயை இனாம் என்று வைத்துக்கொண்டாலும் தக்காளி கிலோ 2,000 ரூபாயைத் தாண்டுகிறது. சாமான்களை ஒரே பயிரில் கழிக்கக் கூடாது, பல வருடத்துக்குத் தேய்மானம் போடவேண்டும் என்பீர்கள். சரி, எடுத்துவிடுங்கள். கரண்ட் மட்டுமே கிலோவுக்கு 675 ரூபாய்!

தாத்தா சென்னைக்கு வந்தபோது இதைக் காட்டினேன். ஒரு பழத்தைக் கடித்துப் பார்த்தார். "நல்லாத்தான்டா இருக்கு" என்றார். பிறகு விளக்கை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "சூரியனுக்கு மீட்டர் கிடையாதேடா" என்றார். விலை விழுந்த வருடங்களில் பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் தக்காளியைச் செடியிலேயே விட்டவர் அவர். இருந்தும் அவர் பேரேட்டில் வெளிச்சத்துக்கு ஒரு ரூபாய்கூடப் பற்று எழுதியதில்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இவ்வளவு நாளும் எல்லோரும் மண் இல்லாமல் விளைகிறதே என்று ஆச்சரியப்பட்டார்கள். மண்ணுக்குப் பதில் கண்டுபிடிப்பது சுலபம், 320 ரூபாய் உரம் போதும். சூரியனுக்குப் பதில்தான் விலை அதிகம். ஹோக்லண்டும் ஆர்னானும் 1938-லேயே இதைத்தான் வேறு வார்த்தையில் சொன்னார்கள்.

அதனால் அடுத்த போகத்துக்கு ஒரு திட்டம். வாளிக்கு அடியில் ஓட்டை கிடையாது, தண்ணீர் வடியாது, தளத்தில் ஈரம் இறங்காது. இதை வீட்டுக்காரரிடம் வாளியைத் தூக்கிக் காட்டியே விளக்கினேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இரண்டே இரண்டு வாளி வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டார். ஹவாய் பல்கலைக்கழகத்தின் கிராட்கி காட்டிய வழியில் மோட்டாரும் இல்லாமல், தண்ணீர் இறங்க இறங்க வேருக்குக் காற்று கிடைக்கும்படி விட்டுப் பார்க்கப்போகிறேன். சென்னை வெயிலில் தண்ணீர் சூடேறாமல் இருக்க வாளியைச் சுற்றி ஈரச் சாக்கு.

கணக்கு எப்படி வருகிறது என்று அறுவடை முடிந்ததும் எழுதுகிறேன். இந்தத் தடவை வெளிச்சத்துக்கு நேரே பூஜ்யம்தான்!